கூறு போட்ட குளிசைகள்

சரீப் நானா வெளிநாட்டுக்காரர்களின் கடைசிக் குடில் வரைக்கும் கரையோரமாக நடந்து போய், மூச்சு வாங்காமல் திரும்பி வந்தார். முத்தலிபு மீன்பிடிக் கொட்டிலான வாடியின் நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல போத்தல் அவரிடம்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு அவனுக்கு உறுதியாயிற்று.

இரண்டு பேருக்கும் ஒரே நோய். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் பல வருடம் பேசாமல் இருக்கும் என்று கொழும்பு டொக்டர் சொன்னார். சரீப் படகுச் சொந்தக்காரர், சம்மாட்டி. முத்தலிபு அவருடைய படகில் தொழிலுக்குப் போகிறவன். முதலில் மூச்சு முட்டியது சரீபுக்குத்தான். கொழும்புக்கு வான் பிடித்தபோது, "நீயும் ஏறு, உனக்கும் இரைக்குதுதானே" என்று அவனையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரே மாதத்துக்குள் இருவருக்கும் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். படகில் கூட வரும் பஸ்தியான் அதைக் கேட்டு, "சம்மாட்டி நோயில கூடப் பங்கு எடுக்காம விடமாட்டார்" என்று சொல்லிச் சிரித்தான்.

இருவரும் ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்ததும் அந்த ஆஸ்பத்திரி வார்ட்டில் வைத்துத்தான். நெஞ்சைத் திறந்து மூடிய பிறகு சிலருக்கு இதயத்தைச் சுற்றி நீர் கட்டுகிறதாம். அதைத் தடுக்க ஒரு குளிசை உதவுமா என்று பார்க்கிறார்கள். இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஆயுள் முழுக்கப் போடும் குளிசை வேறு, அது எல்லோருக்கும் உண்டு. இது தனிப் போத்தலில் வரும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து போலவே செய்த வெறும் மாக் குளிசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

ஃபாஹிமாதான் இதை அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள். கற்பிட்டிப் பெண். ஆராய்ச்சிக்காரர்கள் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், அறுவை முடிந்தவர்களின் விரலில் குத்தி இரத்தம் பார்ப்பாள். தடி நட்டு நடக்க விட்டு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளப்பாள். மிஞ்சிய குளிசைகளை எண்ணுவாள்.

"அப்ப எனக்கு என்ன கிடைக்குமெண்டு ஆர் முடிவு செய்யிற?" என்று முத்தலிபு கேட்டான்.

"ஒருத்தருமில்ல நானா. நீங்க கரையில கூறு வைக்கிறீங்கதானே. ஒராள் மீனைக் கூறு கூறா வைப்பார், இன்னொராள் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு, இது இவருக்கு, அது அவருக்கு எண்டு பேர் சொல்லுவார். அது மாதிரித்தான். இதுல முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறது கொழும்பில இருக்கிற கொம்பியூட்டர்."

நல்ல விளக்கம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். சரீப் தலையாட்டினார். முத்தலிபும் தலையாட்டினான். ஆனால் கூறு வைப்பதைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். முதுகைக் காட்டி நிற்கிறவனை யாரும் சந்தேகிப்பதில்லை. கூறு வைக்கிற கையைத்தான் பார்ப்பார்கள். மேலே இரண்டு பாரை மீனைப் பரப்பி அடியில் கும்பலாக மலிவான சாளையைப் போடுகிற கைகள் உண்டு. அந்தப் போத்தல்களைக் கொண்டுவந்து தந்த கை ஃபாஹிமாவுடையது. அவள் சரீபின் மனைவி அஸீஸாவின் கூடப்பிறந்த காக்காவுடைய மகள்.

வீட்டில் அவன் இதைச் சொல்லவில்லை. மனைவி றிஸானாவே கண்டுபிடித்தாள்.

"அவருக்கு முகத்தில இரத்தம் ஊறியிருக்கு. உங்களுக்கு இன்னும் வாளி தண்ணி தூக்கேலா. ஏனெண்டு யோசிச்சீங்களா?"

"ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி."

"ஒவ்வொரு உடம்பில்ல. ஒவ்வொரு ஆக்கள்." அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "தொண்ணூறில சண்டையில மன்னாரில இருந்து விரட்டுப்பட்டு இங்க வந்து இறங்கின நாளே பாத்தம்தானே. சாமான் வந்தா முதல்ல ஊராக்களுக்கு, மிஞ்சினா அகதிக்கு. சண்டை முடிஞ்சும் அந்தப் பேர் போகல்ல. இப்ப மருந்து வந்திருக்கு."

"சரீப் நானா இல்லாட்டி நான் கொழும்புக்கே போயிருக்க மாட்டன்."

"அதுக்காக?"

அன்றிலிருந்து போத்தலைத் திறக்கும்போதெல்லாம் குளிசையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒருமுறை நுனியை நக்கிப் பார்த்தான். கசந்தது. மாவும் கசக்கும்படி செய்வார்கள் என்று நினைத்தான். நன்றியும் சந்தேகமும் ஒரு மனதுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும் என்பது அவனுக்கே புதிதாக இருந்தது.

அவனுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான். சரீபும் அவனுடைய போத்தலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அது வெளியே வந்தது ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு. படகு கடலில் இருந்தது. சரீபின் மகன் ரிஷாத் இப்போது அதை ஓட்டுகிறான். வாடியில் இவர்கள் இருவர் மட்டும். தூரத்தில் பலகையில் நின்ற வெள்ளைக்காரர்களை அவர்களுடைய பட்டங்கள் தண்ணீருக்கு மேல் இழுத்துக்கொண்டு போயின. சரீப் கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ராவையில எனக்குப் படுக்கேலாம இருக்கு. நெஞ்சு பாரம். உனக்கு அப்படி ஒண்டும் இல்லத்தானே?"

"எனக்கு நடக்கத்தான் ஏலா. படுத்தா நல்லாப் படுக்கிறன்."

"பாத்தியா." அவர் தலையை அசைத்தார். "எனக்குத் தெரியும். நல்லது உனக்குத்தான் போயிருக்கு."

முத்தலிபு அவரைத் திரும்பிப் பார்த்தான். பகிடியாக இருக்கும் என்று நினைத்தான். முகத்தில் பகிடி இருக்கவில்லை.

"எனக்கா? ஃபாஹிமா உங்கட மருமகள்."

"அவள் சின்னப் புள்ள. மேல இருக்கிறவங்க வெளிநாட்டுக் காசில செய்யிறவங்க. வெளிநாட்டுக்காரனுக்கு அகதியெண்டா ஒரு இது. வீடு, கிணறு, கக்கூசு, எல்லாம் உங்கட ஆக்களுக்குத்தானே முதல் வந்த. இதையும் அப்படித்தான் குடுத்திருப்பான்."

"நான் இவ்வளவு நாளும் உங்கட போத்தலைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சரீப்தான் முதலில் சிரித்தார். நெஞ்செலும்பு நோகக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்தலிபுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிந்த பிறகும் சந்தேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அது இப்போது இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது.

"போத்தலைக் கொண்டா" என்றார் சரீப். "ரெண்டையும் கொட்டிக் கலப்பம். மருந்து ஆர்ட்ட இருந்தாலும் பாதிப் பாதி. மாவும் பாதிப் பாதி. ஒருத்தருக்கும் அநியாயமில்ல."

அதில் பிழை இருப்பதாக அந்த நேரம் இருவருக்கும் படவில்லை. வலையில் என்ன ஏறினாலும் பங்குதான். பெரியதோ சின்னதோ, பங்கில்லாமல் ஒருவன் கொண்டுபோனால்தான் அது களவு. முத்தலிபு வீட்டுக்குப் போய்ப் போத்தலை எடுத்து வந்தான். பாயை உதறி விரித்து, இரண்டையும் கொட்டி, சரீப் உள்ளங்கையால் கிளறினார். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வட்டம். அவரே சரிசமமாக இரண்டு கூறு வைத்தார். கலந்த பிறகு எந்தக் கூறாக இருந்தால் என்ன. இருந்தாலும் முத்தலிபு எழும்பி முதுகைக் காட்டி நின்றான்.

"இது?"

"உங்களுக்கு."

"அப்ப இது உனக்கு. பிறகு கதைக்கப்படாது."

அடுத்த முறை ஃபாஹிமா வந்து எண்ணினாள். இரண்டு போத்தலிலும் எண்ணிக்கை சரியாக இருந்தது. தடிக்குத் தடி நடக்க விட்டாள். இரண்டு பேரும் முன்னையைவிடக் கூட நடந்தார்கள். அவள் சந்தோஷப்பட்டாள். அவள் போன பிறகு சரீப், "உன்ட கூறிலதான் நல்லது கூட விழுந்திருக்கு போல" என்றார். பகிடிதான். என்றாலும் முத்தலிபு அன்று இரவு தன் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

புதுப் போத்தல்கள் வந்தபோது அவற்றையும் அப்படியே கலந்தார்கள்.

பிறகு சரீபுக்குச் சளி பிடித்தது. இருமல், காய்ச்சல். ரிஷாத் அவரைக் கற்பிட்டியில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனான். அங்கே கிருமிக்கு ஒரு குளிசை எழுதினார்கள். அது போட்டு இரண்டு மூன்று நாளில் வயிற்றால் போகத் தொடங்கியது. நிற்கவே இல்லை. கால்கள் துவண்டு, கக்கூசில் இருந்து எழும்ப முடியாமல் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

முத்தலிபு றிஸானாவோடு பார்க்கப் போனபோது ரிஷாத் வார்ட்டுக்கு வெளியே நின்றான். கண் சிவந்திருந்தது.

"சாச்சா, கேட்டீங்களா கதைய? வாப்பாட மணிபேக்கில ஆராய்ச்சி அட்டை இருந்தது. அதைக் கண்டிட்டு டொக்டர் பயந்திட்டாங்க. அந்த ஆராய்ச்சி மருந்தும் இந்தக் கிருமிக் குளிசையும் சேந்தா நஞ்சாம். இரத்தத்தையே கெடுக்குமாம். உடனே கொழும்புக்கு போன் எடுத்து, இவருக்கு எது குடுத்ததெண்டு பாக்கச் சொன்னாங்க."

"பாத்தாங்களா?"

"பாத்தாங்க. மா." ரிஷாத் கையை விரித்தான். "வெறும் மா. இவ்வளவு நாளும் என்ட வாப்பாக்கு மாவக் குடுத்திருக்கிறாங்க. ஃபாஹிமா எங்கட சொந்தமாம், சொந்தம்."

"இப்ப டொக்டர் என்ன சொல்ற?"

"மா எண்டா பயமில்லையாம். வயிறு வேற ஏதாலயோ போகுதாம். நெஞ்சுச் சளிக்கு அதே மருந்தத்தான் இப்ப சேலைனோட ஏத்துறாங்க."

சரீபின் போத்தல் மா என்றால், மருந்து எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க முத்தலிபுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அவனுடைய போத்தலும் மாவாக இருக்கலாம். இருந்தால் பயமில்லை. மருந்தாக இருந்தால், அதில் பாதி சரீபின் உடம்புக்குள் போயிருக்கிறது. டொக்டர் இப்போது அதன் மேல் மற்றதை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

றிஸானா அவன் முகத்தைப் பார்த்தாள். கலந்தது அவளுக்குத் தெரியும். கையைப் பிடித்து வராந்தாவின் மூலைக்கு இழுத்தாள்.

"பேசாம இருங்க."

"மனுசன் மௌத்தாப் போயிருவார், உசிர் போயிரும்."

"டொக்டர் இருக்காங்க. அவங்க பாப்பாங்க."

"அவங்களுக்குத் தெரியாதே. மா எண்டு நினைச்சுக்கொண்டுதானே ஏத்துறாங்க."

"நீங்க போய்ச் சொன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமா?" அவள் குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "நாங்க கலந்தம் எண்டு சொல்ல மாட்டாங்க. அகதி மாத்திட்டான் எண்டு சொல்லுவாங்க. சம்மாட்டிட மருந்தைக் களவெடுக்கப் போய் நஞ்சைக் குடுத்திட்டான் எண்டு. பிறகு இந்தக் கரையில உங்களுக்குப் படகுமில்ல, எங்களுக்கு இருக்க வளவுமில்ல. அவர் சொல்லட்டும். அவருக்கு நாக்கிருக்கு."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவனை அங்கேயே நிற்க வைத்தது. யாரோ ஒரு கிழவர் சேலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார். சரீப் சொல்லியிருப்பார், கட்டாயம் சொல்லியிருப்பார் என்று முத்தலிபு தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லியிருந்தால் அந்த மருந்து ஏறிக்கொண்டிருக்காது. அதற்கு மேல் அந்த எண்ணத்தால் நகர முடியவில்லை. அவன் றிஸானாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு உள்ளே போனான்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயது குறைவு. முத்தலிபு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். கரையில் மீன் விற்கிற சிங்களம் அது. மருந்துக்கும் மாவுக்கும் அதில் சொற்கள் போதவில்லை. அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

"கலந்தீர்களா? எதற்காகக் கலந்தீர்கள்?"

"பங்கு போட."

அவர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு கட்டிலருகே போய்க் குனிந்தார். "சரீப் ஐயா, இவர் சொல்வது உண்மையா? நீங்கள் இரண்டு பேரும் குளிசையைக் கலந்தீர்களா?"

சரீப் கண் திறந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. முத்தலிபைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற ரிஷாதைப் பார்த்தார். கதிரையில் தஸ்பீகு மணியோடு இருந்த அஸீஸாவைப் பார்த்தார். தன் நெஞ்சுக்குள் வால்வு அடிக்கும் சின்னச் சத்தம் மட்டும் முத்தலிபுக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தான்.

சரீப் கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்டர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஏறிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தச் சொல்லித் தாதியிடம் சொன்னார். இரத்தம் எடுக்கச் சொன்னார். முத்தலிபின் பெயரையும் அவனுடைய அட்டையில் இருந்த இலக்கத்தையும் கேட்டுக்கொண்டு மறுபடி போனை எடுத்தார். பதில் வர நேரமெடுத்தது. வந்தபோது அவர் முத்தலிபைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். மருந்து அவனுடைய போத்தலில்தான் இருந்திருக்கிறது.

வராந்தாவுக்கு வந்ததும் ரிஷாத் அவன் சட்டையைப் பிடித்தான்.

"எப்ப மாத்தின?"

சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்ட சாச்சா என்ற சொல் போய்விட்டது.

"மாத்தல்ல மகன். சேந்துதான் கலந்தம். வாப்பாட்டக் கேளு."

"கேட்டாங்கதானே. வாப்பா ஒண்டும் சொல்லல்லையே."

"இப்ப அவருக்கு ஏலாது."

"ஏலாத மனுசன் மேல போடுறது லேசு." அவன் சட்டையை விட்டான். "போ. இனி இந்தப் பக்கம் வராத."

ஃபாஹிமா அன்று மாலை போன் எடுத்தாள். அவள் திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான்.

"நானா, ஏன் என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"எனக்குத் தெரியா எண்டு சொல்லியிருப்பன்."

"அதை நான் நம்பியிருக்க மாட்டன்."

"ஓம்" என்றாள் அவள். "இப்ப அஸீஸா மாமி வீட்டாக்களும் என்னை நம்பல்ல." பிறகு, இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டதாகவும், கிளினிக் வழமை போல நடக்கும் என்றும் சொன்னாள்.

சரீப் பிழைத்தார். இரத்தம் சரியாகி வர நாளெடுத்தது, ஆனால் வந்தது. முத்தலிபு சொல்லியிருக்காவிட்டால் அன்று பிந்தியிருக்கும் என்று டொக்டர் யாரிடமோ சொன்னதாகப் பஸ்தியான் கேள்விப்பட்டு வந்தான். அந்தக் கதை கரையில் நிற்கவில்லை. அகதி மருந்தை மாற்றினான் என்ற மற்றது நின்றது. ஜும்ஆத் தொழுகையில் முத்தலிபின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. தேத்தண்ணிக் கடையில் அவன் நுழைந்ததும் பேச்சு மீன் விலைக்கு மாறியது. படகில் அவனுடைய இடத்துக்கு உச்சமுனையிலிருந்து ஓர் ஆளை ரிஷாத் எடுத்துவிட்டான். றிஸானா ஒரு நாளும் 'நான் சொன்னேன்தானே' என்று சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவனுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. நடந்ததைத் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். சில நாட்களில் சரீப் 'போத்தலைக் கொண்டா' என்று சொன்னது சரியாக நினைவில் வந்தது. சில நாட்களில் தானே போத்தலை முதலில் கொண்டுபோனது போலவும் இருந்தது. ஊர் நினைப்பதைத் தன் மனமும் நம்பிவிடுமோ என்று பயந்தான்.

சரீப் வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து அஸீஸா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். றிஸானா, "போகாதீங்க, ஏதும் எழுதி வாங்கத்தான்" என்றாள். அவன் போனான்.

சரீப் முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். ரிஷாத் கதவு நிலையில் நின்றான். அஸீஸா அவனைப் பிளேன்டீ எடுத்துவர உள்ளே அனுப்பினாள். போகும்போது அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"இரி" என்றார் சரீப்.

முத்தலிபு உட்காரவில்லை.

"உனக்கு இப்ப எப்படி?"

"நடக்கிறன்."

"எனக்கும் பரவாயில்ல." அவர் போர்வையின் நூலை இழுத்தார். "அண்டைக்கு எனக்கு நினைவிருந்தது, முத்தலிபு. டொக்டர் கேட்டது காதில விழுந்தது. வாயைத் துறந்தா, அஸீஸாட குடும்பத்துப் புள்ளைய நான் நம்பல்ல எண்டு அவள்ட மூஞ்சிக்கு முன்னாலேயே சொல்லவேணும். படகுக்காரன் தன்ட ஆளோட பாயில இருந்து குளிசையக் கூறு போட்டான் எண்டு மகன் கேக்கவேணும். வெக்கமாப் போச்சு."

"உங்களுக்கு வெக்கம். எனக்குக் கொலைகாரன் எண்டு பேர்."

"தெரியும்."

"தெரிஞ்சும் இத்தனை நாள் இருந்தீங்க."

குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது. அஸீஸா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது இப்போதுதான் தெரிகிறதா, முன்பே தெரியுமா என்று முத்தலிபால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னட்டச் சொல்லி என்ன செய்ய நானா. எனக்கு நடந்தது தெரியும். உங்கட மகனுக்குச் சொல்லுங்க."

"சொல்லுறன்."

"இப்ப சொல்லுங்க. நான் நிக்கும்போது."

ரிஷாத் தட்டத்தோடு வந்தான். முத்தலிபுக்கு நீட்டினான், முகத்தைப் பார்க்காமல். முத்தலிபு கோப்பையை எடுக்கவில்லை. தட்டம் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. சரீப் ஒருமுறை தொண்டையைச் செருமினார். காற்றைப் பற்றிப் பேசப் போகிறார், படகைப் பற்றிப் பேசப் போகிறார் என்று முத்தலிபு நினைத்தான். அப்படிப் பேசினால் திரும்பி நடப்பது என்று முடிவும் செய்தான்.

"ரிஷாத்" என்றார் சரீப். "அதை வெச்சிட்டு இரி. உன்ட சாச்சா ஒண்டும் மாத்தல்ல. போத்தலைக் கொண்டா எண்டு சொன்னது நான்."

ரிஷாத் தட்டத்தை மேசையில் வைத்தான். உட்கார்ந்தான். பிறகு வாப்பாவைப் பார்க்காமல், முத்தலிபையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான், அவர் வாயில் இந்தச் சொற்களை வைத்தது இவன்தானோ என்பது போல.